மலையிலிருந்து ஆற்றங்கரைக்கு... வயிறு கலங்காமல் ஒரு பயணம்!

'பரீட்சை முடிஞ்சாச்சு, ஊட்டிக்குப் போலாம்ப்பா!' என்று வீட்டில் ஆரம்பித்துவிட்டார்களா? சந்தோஷம். கிளம்புங்கள். அதற்கு முன்னால் போன தடவை திரும்பி வந்த காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்களேன்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே சின்னவன் 'அம்மா, வருது...' என்று வாயைப் பொத்துகிறான். பாட்டிக்குக் காது அடைத்துப் போய் யார் பேசுவதும் கேட்கவில்லை. 'வழியில பாத்ரூம் எங்க இருக்குமோ' என்று காலையிலிருந்து அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. தாத்தா பத்து மணிக்குச் சாப்பிட வேண்டிய டிபனை டிராபிக் ஜாமில் ஒரு மணிக்குச் சாப்பிடுகிறார். ஓட்டுகிற அப்பாவோ முந்தின ராத்திரி நான்கு மணி நேரம்தான் தூங்கினார். வீடு வந்து சேர்ந்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றேதான். 'அப்பாடா... இனிமே மலைப்பக்கமே வேண்டாம்பா!'

தப்பு மலை மேல் இல்லீங்க, நம் திட்டத்தில்தான். ஏறுவதற்கு ஆயிரம் ஏற்பாடு செய்கிற நாம், இறங்குவதற்கு எதுவுமே செய்வதில்லை. லீவு முடிந்துவிட்டது, நாளைக்கு ஆபீஸ் என்று ஒரே மூச்சில் இறங்கி ஓடி வருகிறோம். உடம்புக்கும் வண்டிக்கும் சோதனை வருவது அப்போதுதான்.

அதனால் இந்தத் தடவை இறங்குவதையே ஒரு உல்லாசப் பயணமாக வைத்துக் கொள்ளுங்கள். ஊட்டியில் ஆரம்பித்து, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, பவானி ஆற்றின் கரையோரமாகவே போய், அது காவிரியில் கலக்கும் கூடுதுறை வரைக்கும் ஒரு பயணம். இதற்கு ஒரே ஒரு விதிதான். வண்டியில் இருப்பவர்களில் யார் ரொம்பப் பலவீனமானவரோ, அவருடைய வேகம்தான் பயணத்தின் வேகம்!

எத்தனை நாள்?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். மேட்டுப்பாளையமோ 300 மீட்டர் சொச்சம்தான். ஏறத்தாழ 50 கி.மீ. தூரத்துக்குள் நீங்கள் இறங்குவது 1,900 மீட்டர். சும்மா இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம்தான். ஆனால் அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

முதல் நாள் காலை எட்டு, எட்டரைக்கு ஊட்டியிலிருந்து கிளம்புங்கள். கேத்தி பள்ளத்தாக்கு தெரிகிற இடத்தில் ஒரு பத்து நிமிஷம். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஒரு மணி நேரம். 1874-ல் உருவான பூங்கா இது. பெரியவர்கள் மரத்தடியில் உட்கார, பிள்ளைகள் ஓடி விளையாடட்டும். பிறகு பர்லியாறில் ஒரு டீ. சீசன் சமயமாக இருந்தால் மங்குஸ்தான், துரியன் என்று பழங்களும் கிடைக்கும். மதியச் சாப்பாட்டுக்கு மேட்டுப்பாளையம். அன்றைக்கு அங்கேயே தங்கிவிடுங்கள். 'இன்னும் வெளிச்சம் இருக்கே, போயிடலாமே' என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் நாள் நூறு கி.மீ.-க்குச் சற்று அதிகம், எல்லாம் சமவெளி. பட்டு நெசவுக்குப் பேர்போன சிறுமுகை, அடுத்து பவானிசாகர் அணை. 1948-ல் ஆரம்பித்து 1955-ல் கட்டி முடித்த, ஏறக்குறைய எட்டு கி.மீ. நீளமுள்ள மண் அணை இது. முதுமலைப் பக்கமிருந்து வரும் மோயாறு இந்த நீர்த்தேக்கத்தில்தான் பவானியோடு சேருகிறது. அப்புறம் சத்தியமங்கலம், கொடிவேரி, கோபிசெட்டிப்பாளையம். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாய்கிற வயல்களைப் பார்த்தால், சினிமாக்காரர்கள் ஏன் கோபிக்கு ஓடி வந்தார்கள் என்று உங்களுக்கே புரிந்துவிடும். சாயங்காலம் பவானி. கூடுதுறையில் சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு ஜமக்காளம் வாங்கிக்கொண்டால் பயணம் பூர்த்தி!

எப்போது போகலாம்?

நிம்மதியாகப் போக ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல சமயம். வானம் தெளிவாக இருக்கும், கூட்டமும் குறைவு. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் என்பதால் ஸ்வெட்டர், குல்லாய் கட்டாயம்.

ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் சொல்லி மாளாது. சீசன் சமயத்தில் மலை ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் அனுப்புவது வழக்கம். அப்படி அனுப்பினால் வருத்தப்படாதீர்கள். கோத்தகிரிப் பாதையும் அழகுதான், மேட்டுப்பாளையத்தில்தான் வந்து சேரும். நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகள் நுழைவதற்கு 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை கொண்டு வந்தார்கள். கிளம்பும் முன்னால் அப்போதைய விதி என்ன என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் ரூமுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

வயிறு ஏன் புரளுகிறது?

வளைவில் வண்டி திரும்பும்போது, உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு 'நாம ஆடுறோம், திரும்புறோம்' என்று மூளைக்குச் சொல்கிறது. அதே நேரத்தில் பையன் குனிந்து செல்போனைப் பார்த்துக் கொண்டிருந்தால், கண் 'இல்லையே, நாம அசையவே இல்லையே' என்கிறது. இரண்டு சாட்சியும் இரண்டு விதமாகச் சொன்னால் மூளை குழம்பத்தானே செய்யும்? அந்தக் குழப்பம்தான் தலைசுற்றல், எச்சில் ஊறல், வாந்தி. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம்.

வைத்தியம் சுலபம். கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்லும்படி செய்ய வேண்டும். மலைப்பாதையில் போன், புத்தகம் எதுவும் வேண்டாம். முன்னால் தெரிகிற ரோட்டையோ, தூரத்து மலையையோ பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களில் யாருக்கு வாந்தி வருமோ அவருக்கு முன் சீட். சின்னப் பிள்ளைகள் பின் சீட்டில்தான் இருக்க வேண்டும், முன் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற மாதிரி நடுவில், பெல்ட் போட்டு. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். வண்டிக்குள் ஊதுவத்தி, சென்ட் வாசனை கூடாது.

வெறும் வயிற்றோடு கிளம்பினால் வாந்தி வராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தப்பு. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ, இடியாப்பமோ அளவாகச் சாப்பிடட்டும். பூரி, நெய் மசால் தோசை, முட்டை ஆம்லெட்டை மேட்டுப்பாளையத்துக்குப் பிறகு வைத்துக் கொள்ளுங்கள். இஞ்சி மிட்டாய் சிலருக்கு நன்றாகக் கேட்கும்.

மாத்திரை போடுவதாக இருந்தால் வாந்தி வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். இந்த மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைக்கும். அதனால் வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது. பயண வாந்திக்குப் பரவலாகக் கொடுக்கிற புரோமெத்தசின் மருந்தை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. 'பெரியவனுக்குக் கொடுத்ததுல பாதி' என்கிற கணக்கெல்லாம் வேண்டாம். டாக்டரைக் கேட்டே கொடுங்கள்.

காது அடைக்கிறதே!

ஊட்டியில் மூடி இறுக்கிய ஷாம்பு பாட்டிலை, கீழே வந்து எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? யாரோ அமுக்கிப் பிடித்த மாதிரி ஒடுங்கியிருக்கும். மலை மேல் காற்றழுத்தம் குறைவு. கீழே இறங்க இறங்க அது கூடுகிறது. பாட்டிலுக்கு நடப்பதுதான் உங்கள் காதுக்கும் நடக்கிறது. செவிப்பறை உள்பக்கமாக அழுந்துகிறது. தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகிற சின்னக் குழாய் திறந்தால்தான் சரியாகும். எச்சில் விழுங்கினாலும், கொட்டாவி விட்டாலும், மென்றாலும் அது திறக்கும்.

அதனால் இறங்கும்போது ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்துவிடுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலோ, பாட்டில் பாலோ கொடுக்கலாம். தாய்ப்பால் கொடுப்பதானால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கொடுங்கள். தூங்குகிற பிள்ளை அதிகம் விழுங்குவதில்லை. முழித்ததும் காதைப் பிடித்துக்கொண்டு அழுவது அதனால்தான். பெரியவர்கள் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதிப் பார்க்கலாம். பலமாக ஊதக் கூடாது. சளி, ஜலதோஷம் உள்ளவர்களுக்கு வலி அதிகமாக இருக்கும். காதில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. வீடு வந்து இரண்டு நாளாகியும் அடைப்பு போகவில்லையா? காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

டிரைவர் தூங்கினாரா?

2023 செப்டம்பர் 30-ம் தேதி குன்னூர் மரப்பாலம் அருகே, தென்காசி மாவட்டத்திலிருந்து வந்த சுற்றுலாப் பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஊட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கும் வழியில் நடந்தது அது. இறக்கம் விளையாட்டில்லை.

இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும் இல்லை, கியரும்தான். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைக்காரர்கள் சொல்லும் பழைய பாடம். பெரும்பாலும் இரண்டாவது கியர். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, கருகிய வாடை வரும், பெடல் தொளதொளவென்று இறங்கும். உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூட்டின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி.

ஓட்டுகிறவர் முந்தின ராத்திரி ஏழு மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். மதியம் சாப்பிட்ட பிறகு இரண்டிலிருந்து நான்கு மணிவரை தூக்கம் தானாக வரும். அந்த நேரம் மேட்டுப்பாளையம் ரூமில் எல்லோரும் படுத்து எழுந்தால் நல்லது.

வாடகை வண்டியா? அப்போது ஒரு கேள்வி. நீங்கள் ரஜாய் போர்த்திக்கொண்டு தூங்கும்போது உங்கள் டிரைவர் எங்கே தூங்குகிறார்? ஊட்டிக் குளிரில் வண்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கிற டிரைவர்கள் எத்தனையோ பேர். காலையில் உங்கள் குடும்பம் மொத்தமும் அவருடைய இரண்டு கையில்தானே இருக்கிறது! அவருக்கும் ஒரு படுக்கை, சூடாக இரண்டு வேளைச் சாப்பாடு. பயணச் செலவில் இதுதான் முதல் செலவாக இருக்கட்டும். குளிருக்காக எஞ்சினை ஓட விட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ரூமுக்குள் கரியடுப்பு வைத்துக் குளிர்காய்வதும் அதே ஆபத்துதான். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு

ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறேழு டிகிரி வெப்பம் கூடும். அப்படிப் பார்த்தால் ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். ஒரே காலையில் மார்கழியிலிருந்து சித்திரைக்கு வந்து விழுகிற மாதிரி! கனமான ஒரே ஸ்வெட்டருக்குப் பதிலாக, ஒவ்வொன்றாகக் கழற்றுகிற மாதிரி இரண்டு, மூன்று மெல்லிய உடைகள் போடுங்கள்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சூட்டில் தண்ணீர் குடிக்காமல் வந்து, வண்டியிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். கதவைத் திறந்து காலை வெளியே வைத்து, ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கட்டும். சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 'இன்னிக்கு ஒரு நாள் வேண்டாம்' என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. நேரத்தை மாற்றிக் கொள்ளலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிக்கு மலைப்பாதையில் பெரிய எதிரி டிராபிக் ஜாம். ஊசியோ மாத்திரையோ போட்டாயிற்று, சாப்பாடு வரவில்லை என்றால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுகோஸோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். பதினைந்து நிமிஷத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கிற வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், கெட்டுவிடும். ஓட்டுகிறவருக்கே சர்க்கரை என்றால் ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை பரிசோதித்துக் கொள்ளட்டும்.

தண்ணீர் குடிங்கம்மா!

பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிற அம்மாக்களுக்கு இரண்டு வார்த்தை. சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குவதும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். இதற்குக் குடும்பமே சேர்ந்து திட்டம் போட வேண்டும். கிளம்பும்போது ஒன்று, குன்னூரில் ஒன்று, மேட்டுப்பாளையத்தில் ஒன்று, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று நிறுத்தங்களை முதலிலேயே எழுதி வையுங்கள். யாரும் கேட்காமலே வண்டி நிற்க வேண்டும். கர்ப்பிணிகளும், பெரியவர்களும் அந்தச் சமயத்தில் ஐந்து நிமிஷம் நடந்தால் காலில் ரத்தம் தேங்காது. கர்ப்பிணிகளுக்கு சீட் பெல்ட் வயிற்றுக்கு மேலே வேண்டாம், வயிற்றுக்குக் கீழே இடுப்போடு போகட்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக் கொள்ளுங்கள்.

இன்னொன்று. நிறுத்தும் இடங்களில் குரங்குகள் இருக்கும். பாவம் என்று தின்பண்டம் நீட்டாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். பர்லியாறு, கல்லாறு பக்கம் யானை குறுக்கே வந்தால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். இறங்கிப் போட்டோ எடுக்கிற வீரமெல்லாம் வேண்டாம்.

ஆறு அழகு... ஆனால்!

மலை இறங்கியாயிற்று, ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? இனிமேல்தான் ஜாக்கிரதை வேண்டும். வெயிலில் வந்தவர்களுக்குப் பவானியைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றும். மேட்டுப்பாளையத்துக்கு மேலே பில்லூர் அணை இருக்கிறது. அங்கே மின்சாரம் எடுக்கத் தண்ணீர் திறந்தால், கீழே மழையே இல்லாவிட்டாலும் ஆற்றில் மளமளவென்று நீர் ஏறும். முழங்கால் தண்ணீரில் பாறை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் சுற்றிலும் வெள்ளம். மேட்டுப்பாளையம் ஆற்றில் இப்படிப் போன உயிர்கள் பல. பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள், இளவட்டங்கள்.

அதனால் மேட்டுப்பாளையத்தில் ஆற்றைக் கரையிலிருந்தே பாருங்கள். குளிக்க ஆசையென்றால் மறுநாள் கொடிவேரி தடுப்பணை இருக்கிறது. அங்கேயும் அனுமதித்த இடத்தில், அனுமதித்த நாளில் மட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பருவமழை வெள்ளம் வந்தால் தடை போட்டுவிடுவார்கள். தடை என்றால் தடைதான், 'ஒரு முங்கு' என்று கெஞ்சாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்க வேண்டும். குடித்துவிட்டு யாரும் தண்ணீரில் இறங்கவே கூடாது.

யாராவது தத்தளித்தால் நீங்களும் குதித்துவிடாதீர்கள். புடவை, வேட்டி, கயிறு, மூடிய காலிக் குடம் எது கிடைத்தாலும் வீசி, பிடித்து இழுங்கள். கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் தப்பான வைத்தியம். நேரம்தான் வீணாகும். மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நடு மார்பில் வேகமாக அழுத்த ஆரம்பியுங்கள். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். பிழைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் கொண்டு போங்கள். நுரையீரல் தொந்தரவு சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

கைப்பையில் மறக்காமல்...

* தினமும் சாப்பிடும் மாத்திரைகள், இரண்டு நாளைக்குக் கூடுதலாக. டாக்டர் சீட்டின் நகல்.
* சர்க்கரை அல்லது குளுகோஸ், பிஸ்கட், இஞ்சி மிட்டாய்.
* உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி இரண்டு பாக்கெட்.
* வாந்திக்குக் காகிதப் பைகள், ஈரத் துண்டு, பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடை.
* பஞ்சு, கட்டுத்துணி, சோப்பு, டார்ச்.
* எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், ஃபிளாஸ்கில் வெந்நீர்.

இப்படிப் போனால் இன்னும் இரண்டு இடம் பார்த்திருக்கலாமே என்று யாராவது முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். ஊட்டியில் காலையில் ஸ்வெட்டரோடு கிளம்பிய பாட்டி, மறுநாள் சாயங்காலம் கூடுதுறைப் படியில் காலை நனைத்துக்கொண்டு 'அடுத்த வருஷமும் வரலாம்டா' என்று சொன்னால், அதைவிட வேறென்ன வேண்டும்?

மெதுவாகப் போங்கள். எல்லோரும் போங்கள். போன எல்லோரும் நல்லபடியாகத் திரும்பி வாங்க!